நாலு முழமான காளை

என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கினது அவன்தானுங்க தம்பி. வேற ஒருத்தரையும் குத்தம் சொல்ல மாட்டேன். பேரையும் சொல்ல மாட்டேன். நாலு மாசமா அந்தப் பேரை நான் வாயில எடுக்கலை, இந்த பஸ்ஸில வெச்சு எதுக்கு எடுக்கோணும்? பத்தொன்பது வருச சிநேகிதம். ஒரே போன்ல அறுத்துப் போட்டுட்டுப் போயிட்டான்.

உக்காருங்க, உக்காருங்க. அந்தப் பையை மடியில வெச்சுக்குங்க. கம்ப்யூட்டர்தானே உள்ளே? அதைப் பார்த்ததும்தான் எனக்கு வயிறு எரிய ஆரம்பிச்சுது. நீங்க படிச்சவங்க. முழுசாக் கேட்டுட்டு, தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க. தாராபுரம் போய்ச் சேர இன்னும் ஒண்ணரை மணி நேரம் கிடக்குது.

எம்பட பேரு சென்னியப்பன். மாட்டுத் தரகு. பத்து வயசில சந்தையில மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவன் நான். பள்ளிக்கூடம் மூணாவதோட சரி. மீதிப் படிப்பெல்லாம் உதையிலதான். பாதி உதை மாட்டுக்கிட்ட, பாதி மனுசன்கிட்ட. மாட்டு உதை தேவலைங்க. வர்றதுக்கு முன்னாடி காலைத் தூக்கிக் காட்டும். யாரு தயவும் இல்லாம நின்னு பழகினவன். ஒரு மாட்டைப் பத்தடி தள்ளி நின்னு பார்த்து எடை சொன்னேன்னா, அப்புறம் தராசு அதைத் தாண்டிப் பேசினதில்லை. இந்தக் கண்ணு ரெண்டும்தான் நான் சம்பாதிச்ச சொத்து.

போன மாசியில மாட்டுக்குக் கோமாரி நோய் வந்து சந்தையெல்லாம் மூடிட்டாங்க. மாட்டை ஊரு விட்டு ஊரு ஓட்டப்படாதுன்னு உத்தரவு. தரகனுக்குச் சந்தை இல்லைன்னா மீனுக்குக் குளம் இல்லாத மாதிரி. அப்பத்தான் அவன் போன் பண்ணினான். தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன். “ஏப்பா, உத்தரவு எடுக்கற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரவா முடியும்? மாட்டை வீடியோ எடுத்து அனுப்பறேன். பார்த்துப் பேசி வெச்சுக்கலாம். வழி திறந்ததும் லாரி ஏத்திக்கலாம்”னான். பார்த்தீங்களா, முதல்ல ஆரம்பிச்சது யாரு? அவன். இதை மனசுல வெச்சுக்குங்க.

என்னுது பட்டன் போன். எம்பட மருமக கோகிலவாணி போன்ல பார்த்தா காளை கட்டெறும்பு அளவுக்குத் தெரியுது. எனக்குப் பெருசா வேணும். சரின்னு கோயமுத்தூர் போய், பழைய கம்ப்யூட்டர் விக்கற கடை ஒண்ணுல நுழைஞ்சேன். நல்ல அகலத் திரை, பக்கத்துல ஒரு பெட்டி. கடைக்காரப் பையன் போட்டுக் காட்டினான். படம் பளிச்சுன்னு இருந்துது.

“உள்ளே என்ன போட்டிருக்கே?”

“லினக்ஸுங்கண்ணா. அது இலவசம்.”

“இலவசமா? அப்ப அதுக்கு உண்டானதைக் கழிச்சுக்கோ.”

“இலவசத்துல எப்படிங்கண்ணா கழிக்கறது?”

“அது உம்பட பாடு.”

ரெண்டு மணி நேரம். கடைசியில குறைச்சான், டீயும் வாங்கிக் குடுத்தான், “இனி வராதீங்கண்ணா”ன்னு கும்பிட்டும் அனுப்பினான். திரையையும் பெட்டியையும் சேர்க்கிற வயருக்கு மட்டும் தனியா விலை சொன்னான். நானா குடுப்பேன்? மூலையில குப்பையாக் குவிச்சு வெச்சிருந்த வயருல ஒண்ணை உருவிக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினா, வயரு ஏற மாட்டேங்குது. வயரோட தலையைத் திருப்பிப் பார்த்தேன். மூணு வரிசையாக் கம்பிப் பல்லு. கீழ் வரிசையில ரெண்டாவது பல்லு படுத்துக் கிடக்குது. நம்ம தொழில் இதுதானுங்களே. சாஞ்ச பல்லு இருக்கிற மாடு தீனியை அரைக்காது, புடுங்கிட்டா அரைக்கும். குறடு எடுத்தேன். ஒரே இழுப்பு. அப்புறம் வயரு வெண்ணெயில கத்தியாட்ட உள்ளே போச்சு. பொத்தானை அமுத்தினேன், படம் வந்துருச்சு. ஒத்தைப் பல்லுக்காகப் புது வயரு வாங்கறவன் நான் இல்லை. பாக்கி அத்தனை பல்லு இருக்குது, போதாதா?

எதுக்குத் தம்பி சிரிக்கிறீங்க? இருமலா? சரி, தண்ணி குடிங்க.

படம் வந்துதா. எல்லாமே பெருசு. எழுத்து ஒவ்வொண்ணும் கத்தரிக்காய் அளவு. எனக்கு அதுதான் பிடிச்சுது. கோகிலா மட்டும் நின்னு ஒரு மாதிரி பார்த்தா. பால் சொசைட்டியில கம்ப்யூட்டர் பார்க்கிறவ அவ.

“மாமா, படத்தை ரெண்டு பக்கமும் புடிச்சு இழுத்த மாதிரி இருக்குதுங்க. எழுத்தெல்லாம் மசமசன்னு இருக்குது.”

“பெரிய திரையில பெருசாத்தான் தெரியும். உங்க சொசைட்டித் திரை நோஞ்சான்.”

“அடியில இருக்கிற பொத்தானே தெரிய மாட்டேங்குதுங்க மாமா, கீழே போய் மறைஞ்சுக்குது.”

“நீ குனிஞ்சு பாரு.”

அவ விடியறதுக்கு முன்னாடி சொசைட்டிக்கு ஓடோணும். என்ர கூட நின்னு வாதாட நேரமில்லை. வீடியோவைத் திறந்து வெச்சுட்டுப் போயிருவா, நான் உக்காந்து பார்ப்பேன். முதல்ல வந்தது மாட்டு வீடியோ இல்லைங்க. எங்க மச்சான் நாச்சிமுத்து, மஞ்சக்காமாலை வந்து ஆஸ்பத்திரியில கிடந்தவரு, நல்லா இருக்கேன்னு பேசி அனுப்பியிருந்தாரு. பார்த்தேன். கன்னம் உப்பி, தோளு அகண்டு, ஆளு ஜம்முனு இருக்காரு. உடனே போன் போட்டு, “மச்சான், ஆஸ்பத்திரிச் சோறு ஒத்துக்கிச்சாட்ட இருக்குது. நல்லாத் தேறிட்டீங்க”ன்னேன். பதினோரு கிலோ இளைச்சிருந்தாராம் அந்த மனுசன். அதோட பேச்சு வார்த்தை நின்னு போச்சு. எம்பட சம்சாரம் ஒரு வாரம் சோத்துல உப்புப் போடலை. அது வேற விசயம். நல்லது சொன்னாலும் கோவிச்சுக்கற குடும்பம்.

அப்புறம்தான் அவனோட காளை வந்துது.

கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு மில்லுக்காரரு, நல்ல பாரமான மயிலைக் காளை ஒண்ணு வேணும், சென்னியப்பன் சொன்னாத்தான் வாங்குவேன்னு சொல்லியிருந்தாரு. அவன் அனுப்பின வீடியோவைப் பார்த்தேன். யப்பா! நெஞ்சு ரெண்டு ஆளு கட்டிப் பிடிக்கோணும். முதுகு, பாய் விரிச்சுப் படுக்கலாம். மனசுக்குள்ளேயே எடை போட்டேன், மில்லுக்காரருக்குப் போன்ல சொல்லீட்டேன். ஆனா அவன்கிட்டப் பருமனைப் பத்தி மூச்சு விடலை. தரகன் நல்லதைப் பார்த்தா வாயைத் திறக்கப்படாது. குறை தெரிஞ்சாத்தான் திறக்கோணும். குறையும் தெரிஞ்சுது. கால் குட்டை. திமிலு தட்டை.

போன் போட்டேன். “ஏப்பா, கால் இவ்வளவு குட்டையா இருக்குதே?”

“குட்டையா? எம்பட காளையா?”

“இது காளையா, இல்லை கால் வெச்ச திண்டா? திமிலைப் பாரு, ஆரோ மேல உக்காந்து அமுக்கின மாதிரி.”

“கண்ணு தெரியுதா உனக்கு?”

“தெரிஞ்சுதான் சொல்றேன். காளை தேறினதை விட, கயிறு புடிச்சிருக்கிற நீ நல்லாத் தேறியிருக்கே. தொப்பை முன்னால நடக்குது, நீ பின்னால வர்றே.”

நான் சிரிச்சேன், அவன் சிரிக்கலை. அப்புறம் மெதுவா, “சரி, பத்தொன்பது வருசம் ஆச்சு. உனக்காகக் குறைச்சுக்கறேன்”னான். குறைச்சான். செயிச்சுட்டேன்னு அன்னைக்கு ரெண்டு போண்டா சேர்த்துத் தின்னேன்.

பங்குனி கடைசியில வழி திறந்துச்சு. லாரி வந்துது. மில்லுக்காரரு பக்கத்துல நிக்கறாரு, புதுத் துண்டு தோள்ல. பின்கதவைத் திறந்தா, தம்பி, ஒட்டகமாட்ட ஒண்ணு இறங்குது! நெட்டைக் காலு, நெடுந்திமிலு. ஒடம்பு மட்டும் ஒடுக்கம். மில்லுக்காரரு என்னைப் பார்த்தாரு, காளையைப் பார்த்தாரு. “ஏனுங்க சென்னியப்பன், நீங்க எடை சொன்னீங்களா, உயரம் சொன்னீங்களா?”ன்னாரு. டீ போடச் சொல்லியிருந்தேன், குடிக்காம, காளையையும் என்ர கொட்டகையிலேயே விட்டுட்டுப் போயிட்டாரு. நாப்பது வருசத்துல எம்பட கண்ணு சொன்ன வார்த்தை பொய்யானது அன்னைக்குத்தான். சந்தையில இது பரவினா அப்புறம் எனக்கும் தண்ணி காட்டற பையனுக்கும் என்ன வித்தியாசம்?

விடுவேனா? போனை எடுத்தேன். “டேய், காட்டின மாடு வேற, அனுப்பின மாடு வேற. சிநேகிதன்கிட்டயே மாத்தி விடறியா?”

அதுக்கு அவன் சொன்னான், அப்படியே சொல்றேன் கேளுங்க: “பார்த்தப்பக் குட்டைன்னு குறைச்சே. இப்ப ஒல்லின்னு குறைக்கப் பார்க்கறே. இன்னும் நாலு நாள் விட்டா, வந்தது மாடே இல்லைம்பே. நோய்க்காரன் ஒடம்பைக் கேலி பண்ணினவன்தானே நீ. இனி உம்பட மூஞ்சில முழிக்க மாட்டேன்.” டக்குன்னு வெச்சுட்டான். எம்பட நம்பரு அதோட அவன் போனுக்குள்ளே போறதே இல்லை. தடுத்து வெச்சுட்டானாம்.

நான் ஊரையே கூட்டினேன். டீக்கடையில இருந்தவங்க, சொசைட்டிக்குப் பால் ஊத்த வந்தவங்க, எல்லாரையும் திரைக்கு முன்னாடி நிக்க வெச்சு வீடியோவைக் காட்டினேன். அப்புறம் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போய்க் காளையைக் காட்டினேன். இது அது இல்லைன்னு ஒருத்தன் பாக்கி இல்லாமச் சொன்னான். கோகிலா மட்டும் கொட்டகைக்கும் திரைக்குமா நாலு நடை நடந்தா.

“மாமா, ரெண்டுக்கும் வலது காதுல அதே கிழிசல் இருக்குதுங்க.”

“காதை ஆரு வேணாலும் கிழிக்கலாம்.”

“அதே இடத்துலயா?”

“அவன் பொல்லாதவன்.”

அவ உக்காந்து திரையில ஒரு வட்டம் வரைஞ்சா. கையிலிருந்த வளையலைக் கழட்டி அது மேல வெச்சா. வளையலு வட்டமா இருக்குது, படத்துல இருக்கிறது கோழிமுட்டையாட்டப் படுத்துக்கிடக்குது. “வட்டமே முட்டையாத் தெரிஞ்சா காளை எப்படிங்க மாமா தெரியும்?”

“உம்பட வளையல் நெளிஞ்சிருக்கும்.”

அப்புறம் எங்கெங்கேயோ போய் எதையோ திறந்தா. அதுல, இது ‘தெரியாத திரை’ன்னு எழுதியிருக்குதாம். ரெண்டு மாசமா என்ர வீட்டுல உக்காந்து என்ர கரண்டைக் குடிக்குது, பக்கத்துல இருக்கிற பெட்டிக்கு அதைத் தெரியாதாம்! அளவு மாத்தலாம்னு பார்த்தா, ரெண்டே ரெண்டு அளவுதான் இருக்குது. ரெண்டும் பழைய டிவியாட்ட சதுரத் திரைக்கு உண்டான அளவு. கோகிலா யோசிச்சா. எந்திரிச்சுப் போய்ப் பின்னாடி வயரைக் கழட்டினா. தலையைத் திருப்பிப் பார்த்தா.

“மாமா, இந்தப் பல்லு எங்கேங்க?”

“அதுவா? சாஞ்சு கிடந்துது. நான்தான் புடுங்கினேன்.”

அவ தலையில கையை வெச்சுக்கிட்டா. அப்புறம் பொறுமையாச் சொன்னா. எனக்குப் புரிஞ்ச மாதிரி உங்களுக்குச் சொல்றேன். சந்தையில துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, உள்ளே விரலைப் புடிச்சு நாங்க விலை பேசுவோம், பார்த்திருப்பீங்க. வெளியில ஒருத்தனுக்கும் தெரியாது. விரலு சொல்றதுதான் விலை. அந்த மாதிரி, திரையும் பெட்டியும் வயருக்குள்ளே ரகசியமாப் பேசிக்குமாம். நான் இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம்னு திரை பெட்டிக்குச் சொல்லுமாம். சொல்ற விரலு அந்தப் பல்லுதானாம். நான் அதை உடைச்சுட்டேன். பெட்டிக்கு ஒண்ணும் தெரியலை. சதுரத் திரையா இருக்கும்னு குத்துமதிப்பா வெச்சுக்கிட்டுப் படத்தை அனுப்பியிருக்குது. இந்தத் திரை அகலம். வந்த படத்தை இழுத்து, இழுத்து, ஓரம் வரைக்கும் பரப்பியிருக்குது. மூணு முழக் காளை நாலு முழம் ஆயிருச்சு.

“அப்படின்னா நிசக் காளையைக் காட்டு பார்க்கலாம்”னேன்.

கறுப்பா ஒரு கட்டத்தைத் திறந்து நாலு வரி அடிச்சா. திரை ஒரு தடவை இருண்டு வெளிச்சமாச்சு. எழுத்தெல்லாம் எள்ளாட்டச் சிறுத்துப் போச்சு. வீடியோவை ஓட்டினா. தம்பி, என்ர கண்ணு முன்னால அந்தக் காளை வத்திப் போச்சுங்க! “அடிப்பாவி, எம்பட காளையை இளைக்க வெச்சுட்டியே”ன்னு கத்தீட்டேன். சம்சாரம் அடுப்படியிலிருந்து ஓடி வந்துட்டா. நெட்டைக் காலு, நெடுந்திமிலு, காதுல கிழிசல். கொட்டகையில நிக்கறதேதான்.

அப்புறம் கயிறு புடிச்சிருந்தவனைப் பார்த்தேன்.

சட்டை ஆணியில மாட்டின மாதிரித் தொங்குது. கழுத்தெலும்பு ரெண்டும் தனியாத் தெரியுது. கன்னத்துல குழி. சக்கரை வியாதி அவனை அரிச்சு வெச்சிருக்குது. அவனைப் பார்த்துத்தான் நான் தொப்பைன்னேன். கோகிலா இன்னொரு தடவை ஓட்டட்டுமான்னு கேட்டா. வேண்டாம்னுட்டேன்.

பெட்டியை அணைச்சுப் போட்டா மறுபடி எல்லாம் பழையபடி குண்டாயிடுதுங்க. அடிச்ச நாலு வரி அதுக்கு ஞாபகமில்லை. கடைசியில அவளே புது வயரு வாங்கிட்டு வந்து மாட்டினா. மாட்டின நிமிசத்துல திரையோட பேரு, அளவு எல்லாத்தையும் பெட்டி தானாச் சொல்லுது. பத்தொன்பது வருசம் பழகினவனாட்ட.

“மாமா, அவருக்கு ஒரு மன்னிப்புக் கேட்டுருங்க”ன்னா கோகிலா.

நானா? நல்லாக் கேளுங்க தம்பி, இங்கதான் நியாயம் இருக்குது. நான் கால் குட்டைன்னு சொன்னப்ப அவன் என்ன கேட்டான்? கண்ணு தெரியுதான்னு கேட்டான். கண்ணுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டானா? பத்தொன்பது வருசத்துல ஒரு விரக்கடை தப்பாச் சொல்லாதவன் திடீர்னு தப்பாச் சொன்னா, சிநேகிதன்னா பதறோணுமா இல்லையா? ஒரு வார்த்தை, “ஏப்பா, ஒடம்பு சுகமில்லையா?”ன்னு கேட்டிருந்தா அன்னைக்கே எல்லாம் வெளிய வந்திருக்கும். கேக்கலை. ஆளைப் பார்த்தா அவனுக்கு என்னன்னு விசாரிக்கத் தெரிய வேண்டாம்? நீங்க எதுக்கு என்னை அப்படிப் பார்க்கறீங்க?

என்னால பொய்யனா இருக்க முடியாதுங்க. அன்னைக்கே ஆரம்பிச்சேன். பருத்திக்கொட்டை, தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு, வேளாவேளைக்குச் சோளத்தட்டு. என்ர கையாலேயே ஊட்டினேன். கோகிலா தினமும் வீடியோவைப் பழைய வயருல போட்டுக் காட்டுவா, நான் கொட்டகைக்குப் போய் ஒப்பிட்டுப் பார்ப்பேன். நெஞ்சு வந்துருச்சு. முதுகு வந்துருச்சு. இப்ப வந்து பாருங்க, திரையில பார்த்த அதே காளை! நான் சொன்ன எடை, கிலோ சுத்தமா நிக்குது. காலை மட்டும்தான் குட்டையாக்க முடியலை.

மில்லுக்காரரு கேள்விப்பட்டு வந்தாரு. துண்டை நீட்டினாரு. குடுக்கலைங்க. முதல்ல அவன் வந்து பார்க்கட்டும். நான் சொன்னது பொய்யில்லைன்னு அவன் வாயால சொல்லட்டும். அப்புறம்தான் மத்ததெல்லாம்.

போன வாரம் சந்தையில அவனைப் பார்த்தேன், தென்னை மரத்தடியில வேற தரகன்கூட நின்னான். என்னைக் கண்டதும் திரும்பிக்கிட்டான். முதுகுல சட்டை காத்துக்கு ஆடுது. கோகிலா ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டுச் சக்கரைக்கு ஏதோ மருந்துப் பேரு எழுதிக் குடுத்திருக்கா, இதோ பாக்கெட்டுல இருக்குது. அதுக்காக நான் போறேன்னு நினைச்சுக்காதீங்க. நான் போறது சண்டைக்கு.

அது என்ன ஊரு? அலங்கியமா? வந்துட்டோமே. தம்பி, ஒரு உபகாரம். எம்பட போனுல போட்டா அவனுக்குப் போகாது. உங்க போனைக் குடுங்க. நம்பரு எனக்கு மனப்பாடம், நீங்களே அமுத்துங்க. அடிக்குதா? இங்க குடுங்க, இங்க குடுங்க.

ஹலோ. ஆருன்னு தெரியலையா? பத்தொன்பது வருசம் கேட்ட குரல்தான். வெச்சுராதே, வெச்சுராதே! இது ஒரு தம்பியோட போனு, படிச்சவரு, பக்கத்துலயே இருக்காரு, எல்லாத்தையும் கேட்டுட்டாரு. அவருக்கே உம்பட மேலதான் தப்புன்னு தெரிஞ்சு போச்சு... தம்பி, தலையை ஆட்டாதீங்க, சும்மா இருங்க. ஆமா, நான்தான். ஒரு பல்லைப் புடுங்கிட்டேன், அதுல வந்த வினை, நேர்ல சொல்றேன். என்ன? மன்னிப்பா? நான் எதுக்குக் கேக்கோணும்? சக்கரை இப்ப எவ்வளவு இருக்குது? எவ்வளவு? அதைச் சொல்லுடான்னா! சோறு திங்கறியா இல்லையா? இரு, இரு, கத்தாதே, நான் கத்தலை, பஸ் சத்தம். கேளு. பத்து நிமிசத்துல தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கறேன். நாலு மாசம் நீ கெடுத்து வெச்சதை நீதான் சரி பண்ணோணும், அதுக்கு நான் ஆளு வைக்க மாட்டேன். வண்டியை எடு. வந்து என்னைக் கூட்டிட்டுப் போ.